நிருபர் பதில்கள்: பத்திரிகையில் வேலையா, அப்படியென்றால் ஐந்நூறு அடிக்க எவ்வளவு ஆகும்?

போன இதழில் "சென்னையில் நிருபர் வேலை பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று எழுதியிருந்தேன். கொலை, கொள்ளை, அரசியல் என்றுதான் கேள்விகள் வரும் என நினைத்தேன். வந்ததில் பாதிக்கு மேல் "சிரிப்பாக ஏதாவது நடக்குமா?" என்ற கேள்விதான். நடக்கும், தினமும் நடக்கும். இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் செய்தி எழுதுகிறேன், வீட்டுக்குப் போய்ச் சொல்வதற்கு ஒன்றும் இல்லாத நாள் ரொம்பக் குறைவு.

திண்டுக்கல் வாசகர்: சென்னையில் பத்திரிகையாளர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்காதாமே, உண்மையா?

கிடைக்கும், கொஞ்சம் அலைய வேண்டும். வக்கீல், போலீஸ், பத்திரிகைக்காரர் என்றால் சில வீட்டுக்காரர்கள் யோசிப்பார்கள். காலி செய்யச் சொன்னால் சட்டம் பேசுவார்களோ என்று அவர்களுக்குப் பயம். 2009-ல் ராயப்பேட்டையில் ஒரு வீடு பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் காபி எல்லாம் கொடுத்துவிட்டு "தம்பிக்கு எங்கே வேலை?" என்றார். மறைத்து என்ன ஆகப்போகிறது, "பத்திரிகையில் சார்" என்றேன். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சு, பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன், ஐந்நூறு பத்திரிகை அடிக்க எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார்.

நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே பெயர்தானே, அவர் மேல் தப்பே கிடையாது. நான் செய்தி எழுதுகிறவன் என்று விளக்கிச் சொன்னேன். "அப்போ உங்க ஆபீஸ்ல மிஷின் இருக்குமே, ராத்திரி பேப்பர் அடிச்ச பிறகு சும்மாத்தானே கிடக்கும்?" என்றார். அந்த மிஷின் ஒரு தடவை ஓடத் தொடங்கினால் அவருடைய ஐந்நூறு பத்திரிகையும் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும், ஆனால் அது இந்த மாதிரி கெட்டி அட்டையை வாங்காது, உருளையில் சுற்றிய காகிதம்தான் அதற்குச் சரி என்று ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் திருவல்லிக்கேணியில் எனக்குத் தெரிந்த ஒரு சின்ன அச்சகத்துக்கு நானே அவரைக் கூட்டிப் போனேன். மாதிரிப் பிரதி வந்ததும் என்னிடம் காட்டினார். கண் பழக்கம், முதலில் தேதியைத்தான் பார்த்தேன். 30.8.2009, திங்கட்கிழமை என்று இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை! அப்படியே போயிருந்தால் பாதிச் சொந்தக்காரர்கள் மறுநாள் பட்டுப்புடவையோடு வந்து இறங்கியிருப்பார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு "அட்வான்ஸ் அப்புறம் பார்த்துக்கலாம், சாமானைக் கொண்டு வந்து வை" என்றார். ஆறு வருடம் அந்த வீட்டில் இருந்தேன்.

கரூர் வாசகி: "நிரூபர்" சரியா, "நிருபர்" சரியா?

நிருபர்தான் சரி. நிருபம் என்றால் கடிதம். கிறிஸ்தவர்கள் வேதாகமத்தில் "நிருபங்கள்" என்று படிப்பது அந்தச் சொல்தான். வெளியூர் செய்தியெல்லாம் கடிதத்திலும் தந்தியிலும் வந்த காலத்தில் ஒட்டிய பெயர். தந்தி சேவையே 2013 ஜூலையில் நின்றுபோனது, பெயர் மட்டும் இருக்கிறது. "நிரூபிப்பதால் நிரூபர்" என்று ஒரு கல்லூரி விழாவில் என்னை அறிமுகப்படுத்தினார்கள். எழுத்துப் பிழைதான், ஆனாலும் அந்த அர்த்தம் எனக்குப் பிடித்திருந்தது.

ஆவடி வாசகி: மழைக்காலத்தில் பள்ளி விடுமுறை பற்றி உங்களுக்கு முன்கூட்டியே தெரியுமா?

இந்தக் கேள்வியை நீங்கள் கடிதத்தில் கேட்டதற்கே நன்றி சொல்ல வேண்டும். நவம்பர் மாதம் என் போனைப் பார்த்தால் தெரியும். அக்கா வீட்டில் ஆரம்பித்து, மளிகைக் கடை அண்ணாச்சி, பத்து வருடமாகப் பேசாத பள்ளித் தோழன் வரை எல்லோருக்கும் ஒரே கேள்வி: "நாளைக்கு லீவா?"

எனக்கு முன்கூட்டியே தெரியாது. மழை விடுமுறையை அந்தந்த மாவட்ட ஆட்சியர் அறிவிப்பார். சில நாள் முந்தின இரவே வரும், சில நாள் விடிந்த பிறகுதான் வரும். சிக்கல் எங்கே என்றால், நாம் சென்னை என்று சொல்கிற ஊர் நான்கு மாவட்டத்தில் பரவிக் கிடக்கிறது. உங்கள் ஆவடி திருவள்ளூர் மாவட்டம், குன்றத்தூர் காஞ்சிபுரம், தாம்பரம் 2019-ல் பிரிந்த செங்கல்பட்டு. டிவியில் "சென்னையில் விடுமுறை" என்று ஓடினால் தாம்பரத்துப் பையன் சீருடையைக் கழற்றிப் போட்டுவிடுவான், அவன் அம்மா எனக்குப் போன் போடுவார். வீடு எங்கே இருக்கிறது என்பதை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் பள்ளிகளுக்கு மட்டுமா, கல்லூரிகளுக்கும் சேர்த்தா என்று கடைசி வரியையும் படியுங்கள். முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதில் எனக்கு மறக்கவே முடியாத அழைப்பு ஒன்று உண்டு. விடியற்காலை ஐந்து மணி, வெளியே கொட்டுகிறது. போனை எடுத்தால் ஒரு சின்னக் குரல், போர்வைக்குள்ளே இருந்து பேசுகிற மாதிரி ரகசியமாக: "அங்கிள், கலெக்டர் எழுந்துட்டாரா?" யார் வீட்டுக் குழந்தை, என் நம்பர் எப்படிக் கிடைத்தது, ஒன்றும் தெரியவில்லை. "இன்னும் தெரியலடா கண்ணா" என்றேன். "எழுந்ததும் சொல்லுங்க, அதுவரைக்கும் நான் தூங்குற மாதிரியே இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். ஆறு மணி வாக்கில் அறிவிப்பு வந்தது. அந்த நம்பருக்கு நானே கூப்பிட்டேன். அவன் அம்மாதான் எடுத்தார். மகன் எனக்குப் போன் செய்த விஷயம் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் தூக்கம் போய்விட்டது.

நங்கநல்லூர் வாசகர்: இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது பத்திரிகையில் "9 செ.மீ. மழை" என்று போடுகிறீர்களே, எப்படி?

உங்களுக்கு முன்னால் இதே கேள்வியை ஒரு பெரியவர் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டார், அதுவும் ஆதாரத்தோடு. "என் வாசலில் பேத்தியின் ஸ்கேலை வைத்து அளந்தேன், 76 சென்டிமீட்டர். நீங்கள் 9 என்று போட்டிருக்கிறீர்கள். மீதி 67 எங்கே போச்சு?" கணக்கு கேட்கிற குரலில்தான் கேட்டார். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி என்று பிறகு தெரிந்தது.

அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். மழை அளவு என்பது தண்ணீர் எங்கேயும் ஓடாமல், மண்ணில் இறங்காமல், விழுந்த இடத்திலேயே நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பது. நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் மழைமானி இருக்கிறது, நாம் செய்தியில் படிக்கும் 24 மணி நேரக் கணக்கு காலை 8.30 மணியோடு முடியும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 600 சதுர அடி மொட்டை மாடி ஏறக்குறைய 56 சதுர மீட்டர். அதில் 9 சென்டிமீட்டர் பெய்தால் ஐயாயிரம் லிட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக வரும். உங்கள் ஒரு மாடியில் மட்டும் அவ்வளவு. பக்கத்துத் தெரு, மேட்டுத் தெரு மாடிகளின் தண்ணீரும் சாலைத் தண்ணீரும் சேர்ந்து பள்ளத்தில் இருக்கும் உங்கள் வாசலுக்கு வந்தால் இடுப்பளவு வராமல் என்ன செய்யும்? மழை பெய்தது 9 தான், மீதி 67 ஊர் அனுப்பியது. வடிகால் சரியாக இருந்தால் அந்த 67 உங்களைத் தேடி வந்திருக்காது, அதைப் பற்றி நாங்கள் எழுதிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

அந்தப் பெரியவர் அதோடு விடவில்லை. "நானே மழையை அளக்க முடியுமா?" என்று கேட்டார். பக்கம் நேராக இருக்கும் பாத்திரம் எதுவானாலும் திறந்த வெளியில் வைத்து, உள்ளே ஸ்கேலால் அளக்கலாம், வாய் அகலமாக இருந்தாலும் குறுகலாக இருந்தாலும் உயரம் ஒன்றுதான் என்றேன். வீட்டு எவர்சில்வர் டிபன் கேரியரின் ஒரு அடுக்கை மொட்டை மாடியில் வைத்துவிட்டார். அந்த வருடத்திலிருந்து வடகிழக்குப் பருவமழை முழுக்கக் காலை 8.35-க்கு எங்கள் டெஸ்க்கில், அதாவது செய்தியைத் திருத்தும் பிரிவில், போன் அடிக்கும். "டிபன் கேரியர் நிலவரம், நாலரை சென்டிமீட்டர்." புதிதாகச் சேரும் உதவி ஆசிரியர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவோம், அந்த அழைப்பை மரியாதையாக எடுங்கள் என்று. இரண்டு தடவை அவர் பகுதியில் மட்டும் பலமாகப் பெய்ததை முதலில் சொன்னவர் அவர்தான்.

சேலம் வாசகர்: பொது இடத்தில் உங்கள் வேலையால் சங்கடம் வந்ததுண்டா?

எங்கள் இளம் நிருபர் ஒருவருக்கு வந்தது, நானும் பக்கத்தில் இருந்தேன். பெசன்ட் நகர் போகும் 29சி பஸ், மாலை நேரம், நல்ல கூட்டம். தம்பிக்கு டெஸ்க்கிலிருந்து போன். பஸ் சத்தத்தில் இவர் கத்திப் பேசுகிறார்: "ரெண்டு கொலை சார். ஒண்ணைச் சின்னதா முடிச்சிடலாம். இன்னொண்ணைப் பெருசா பண்ணணும், ஆனா பாடி இன்னும் கிடைக்கல. இல்ல சார், ஆறு மணிக்குள்ள முடிச்சுக் கொடுத்துடறேன். நேத்து மாதிரி லேட் ஆகாது." பக்கத்து சீட்டில் இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். பின்னால் ஒரு அம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டார். கண்டக்டர் அருகில் வந்து ரொம்பப் பணிவாக "சார் எங்கே இறங்கணும்?" என்று கேட்டார். அவ்வளவு பணிவான கண்டக்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான்தான் அடையாள அட்டையை எடுத்துக் காட்டிப் "பேப்பர் ஆபீஸ்ங்க" என்றேன். பஸ்ஸே ஒரு பெருமூச்சு விட்டது. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அதைச் சொல்லிட்டுப் பேசக் கூடாதா தம்பி? அந்த வீட்டுக்காரங்க யாராவது இந்த பஸ்ல இருந்தா என்ன நினைப்பாங்க?" என்றார். தம்பி உடனே "தப்புதாம்மா" என்றார். செய்தி அறையில் நாங்கள் "கொலையை உள்பக்கம் தள்ளு, விபத்தை மேலே ஏத்து" என்று பேசுவது பக்கம் அமைக்கிற அவசரத்தில் வரும் பேச்சு. அந்த அம்மா சொன்ன பிறகு எங்கள் குழுவில் யாரும் பொது இடத்தில் அப்படிப் பேசுவதில்லை. இறந்தவரைப் பெயர் சொல்லி, "அவர்" போட்டுத்தான் பேசுகிறோம்.

மயிலாடுதுறை வாசகி: மறக்க முடியாத அச்சுப்பிழை?

"இரங்கல் கூட்டம்" என்பது ஒரு நாள் "இறங்கல் கூட்டம்" என்று வந்துவிட்டது. காலையிலேயே மயிலாப்பூரிலிருந்து ஒரு ஓய்வு பெற்ற தமிழாசிரியை போன் செய்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை, "எந்த ஸ்டாப்பில் இறங்கல்?" என்றார். எடுத்தவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது, புரிந்ததும் அறை முழுக்கச் சிரிப்பு. ஆனால் துக்கச் செய்தியில் பிழை வந்தால் அந்தக் குடும்பத்துக்கு வலிக்கும் இல்லையா, மறுநாளே திருத்தம் போட்டோம். அந்த அம்மா அதற்கப்புறம் மாதாமாதம் சிவப்பு மையில் சுழித்த பக்கங்களைத் தபாலில் அனுப்ப ஆரம்பித்தார். அவற்றை அறிவிப்புப் பலகையில் குத்தி வைப்போம். தை மாதத்தில் "போலீசார் பனியில் ஈடுபட்டனர்" என்று வந்ததைச் சுழித்து, ஓரத்தில் "இருவகையிலும் உண்மை, ஆயினும் பணி" என்று எழுதியிருந்தார். அந்தக் கையெழுத்தை நான் வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன்.

வண்டியில் "பிரஸ்" ஸ்டிக்கர் ஒட்டுவது பற்றி? (விழுப்புரம் வாசகர்)

நான் ஒட்டுவதில்லை. 2024 மே மாதத்தில் சென்னைப் போக்குவரத்துப் போலீசார் இப்படிப்பட்ட ஸ்டிக்கர்களின் மேல் நடவடிக்கை எடுக்கத் தொடங்கினார்கள், நல்ல காரியம் என்றே சொல்வேன். அப்போது ஒரு சிக்னலில் எனக்கு முன்னால் நின்றவரை நிறுத்தி "எந்தப் பத்திரிகை?" என்று கேட்டார்கள். "கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் எல்லாம் பண்றேன் சார். நெஜமாவே பிரஸ்தான், சொந்த மிஷின்" என்றார் அவர். வண்டி முன்னால் நோட்டீஸ் கட்டும் இருந்தது. போலீஸ்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஸ்டிக்கரைக் கிழிக்கச் சொல்லித்தான் அனுப்பினார்.

பழநி வாசகர்: நேற்றைய பேப்பரை யாராவது மதிப்பார்களா?

மெரினாவில் சுண்டல் வாங்கிய ஒருவர், பொட்டலத்தைப் பிரித்துப் படித்திருக்கிறார். அண்ணன் தம்பி நிலத் தகராறு, வழக்கு எப்படி ஆரம்பித்தது, யார் என்ன சொன்னார்கள் எல்லாம் இருக்கிறது, "இதையடுத்து நீதிபதி" என்ற இடத்தில் காகிதம் கிழிந்துவிட்டது. மறுநாள் அலுவலகத்துக்கே நேரில் வந்துவிட்டார். கையில் மிளகாய்த்தூள் ஒட்டிய அந்தத் துண்டு. "சார், தீர்ப்பு யாருக்கு?"

துண்டில் தேதியும் இல்லை. எழுத்து வகையையும் பின்பக்கத்து விளம்பரத்தையும் வைத்து எங்கள் நூலகர் வருடத்தைக் கண்டுபிடித்தார், அது நான்கு வருடம் பழைய பேப்பர். பைண்டு செய்த தொகுப்பில் தேடி எடுக்க இரண்டு நாள் ஆனது. சரிபாதியாகப் பிரிக்கச் சொல்லித் தீர்ப்பு. அவருக்குப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "நான் தம்பிக்குத்தான் வரும்னு நினைச்சேன், பரவாயில்லை, நியாயம்தான்" என்றார். நான்கு வருடம் கழித்தும் ஒரு செய்தியின் முடிவுக்காக ஒரு மனிதர் பஸ் ஏறி வந்தாரே, அந்த வழக்கை எழுதிய நிருபரிடம் இதைச் சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டார். இன்னொன்று, அச்சு மை உடம்புக்கு ஆகாது, செய்தித்தாளில் உணவுப் பொருளைக் கட்ட வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே சொல்லிவிட்டது. பேப்பரைப் படியுங்கள், சுண்டலை வாழை இலையிலோ தொன்னையிலோ வாங்குங்கள்.

வேலூர் வாசகி: வெயில் படம் என்றாலே தர்பூசணிதானா?

பெரும்பாலும் அப்படித்தான் ஆகிவிடுகிறது. மே 4 கத்திரி தொடங்கும், படக்காரர் கேமராவோடு கிளம்பிவிடுவார். அண்ணா சாலைப் பக்கம் ஒரு தர்பூசணிக் கடைக்காரர், எங்கள் படக்காரரைப் பார்த்ததும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பழத்தைச் சிவப்பு தெரியும்படி அடுக்குவார். மூன்றாவது வருடம் அவர் கேட்டார்: "அண்ணே, மூணு வருஷமா என் மூஞ்சி வருது, பேர் ஒரு தடவைகூட வரலையே?" மூன்று வருடப் படத்தையும் லேமினேட் செய்து வண்டியில் தொங்கவிட்டிருந்தார். மூன்றின் கீழேயும் "வெயிலுக்கு இதமாகத் தர்பூசணி விற்கும் வியாபாரி" என்றுதான் இருந்தது. ஞாயமான கேள்வி. அந்த வருடம் பெயர் போட்டோம். இருபது பிரதி வாங்கி ஊருக்கு அனுப்பினாராம். அன்றிலிருந்து படக் குறிப்பில் "வியாபாரி", "பெண் ஒருவர்", "முதியவர்" என்று எழுதும் முன் பெயரைக் கேட்டார்களா என்று நான் கேட்பேன்.

தூத்துக்குடி வாசகர்: 2015 வெள்ளத்தில் பத்திரிகைகள் எப்படி வந்தன?

வராமலும் போயின. டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியாததால், 1878-ல் தொடங்கிய தி இந்து நாளிதழின் சென்னைப் பதிப்பே மறுநாள் அச்சாகவில்லை. போன் இல்லை, கரண்ட் இல்லை. செய்தி கையில் இருந்தும் படிக்கிறவரிடம் கொண்டுபோக வழியில்லாமல் நாங்கள் தவித்ததை இப்போது நினைத்தாலும் என்னமோ செய்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை, 4-ஆம் தேதி, வேளச்சேரியில் ஒரு தெருவில் நின்று குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். இடுப்புக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். பேப்பர் போடுகிற அண்ணன், பேப்பர் கட்டைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வருகிறார். விடியற்காலை மூன்றரைக்கே எழுந்து, பிளாட்பாரத்தில் பிரித்து அடுக்கும் இடம் முழுகிவிட்டதால் ஒரு கோயில் திண்ணையில் அடுக்கி எடுத்து வந்திருக்கிறார். முதல் மாடியிலிருந்து ஒரு பாட்டி கயிற்றில் கட்டிய பச்சை வாளியை இறக்கினார், பால் பாக்கெட்டும் அதில்தான் ஏறியிருக்கிறது. அண்ணன் பேப்பரை வைத்தார், வாளி மேலே போனது. பாட்டி பிரித்துப் பார்த்தார், புரட்டினார், திரும்ப எட்டிப் பார்த்தார்.

"ஏம்பா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை. இணைப்பு எங்கே?"

அண்ணன் அந்தத் தண்ணீரில் நின்றபடியே என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். நான்கு நாளில் நான் சிரித்தது அப்போதுதான். "இணைப்புக் கட்டு வந்து சேரலை பாட்டி, நாளைக்கு நிச்சயம் கொண்டாறேன்" என்றார்.

மறுநாளும் அந்தத் தெருவுக்குப் போனேன். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. பச்சை வாளி இறங்கியது. அண்ணன் சட்டைக்குள்ளே வைத்திருந்த இணைப்பை முதலில் எடுத்து வாளியில் போட்டார், அப்புறம்தான் அன்றைய பேப்பர்.